இல்லாத மாமியாரின் தயவில் ஒரு விடுதலை

பெட்டிஷன் பலித்துவிட்டது என்று என் அண்ணன் வேர்க்க விறுவிறுக்க வந்து சொன்னபோது நான் பிரிக்பீல்ட்ஸில் அவன் வீட்டுப் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன். ஜெயில் குமாஸ்தாவான கிராணி ஆள் அனுப்பியிருக்கிறாராம், நாளைக் காலை ஆபீசுக்கு வரச் சொன்னாராம், நல்ல செய்திதானாம். கையிலிருந்த துணி நழுவிச் சேற்றில் விழுந்தது. அதை எடுக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது என்று எல்லாரும் சொல்வார்களே, அன்றைக்குத்தான் அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன். மறுநாள் மத்தியானம் வரைக்கும் அது நீடித்தது.

என் வீட்டுக்காரர் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்தவர். இருபது வயதில் கப்பலேறி இந்தியாவிலிருந்து வந்தவர். நான் இங்கே மலாய் நாட்டிலேயே பிறந்தவள். கடல் தாண்டியது கிடையாது. கள்ளுக்கடைச் சண்டை ஒன்றில் தன்னோடு வேலை செய்தவனை இரும்புத் துண்டால் அடித்துவிட்டார். அடிபட்டவன் பிழைத்துக்கொண்டான், ஆனால் ஒரு கண் போய்விட்டது. இவருக்கு ஏழு வருஷக் கடுங்காவல். தீர்ப்பைக் கேட்டபோது என் இரண்டாவது மகள் வயிற்றில் இருந்தாள். அவர் செய்தது சரி என்று நான் என்றைக்கும் வாதாடியதில்லை. ஒருவன் கண்ணைக் கெடுத்தால் தண்டனை உண்டு. ரயில்வே வீட்டைக் காலி செய்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தேன், ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தேன். ஏழு வருஷம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்றிருந்தேன்.

ஏழு வருஷம் என்றால் ஏழு வருஷம் இல்லை என்பதே எனக்குப் போகப் போகத்தான் தெரிந்தது. உள்ளே மார்க்குப் போடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போடுவாரே, அதே மார்க்குதான். வேலையை ஒழுங்காகச் செய்தால் இத்தனை, வாயை மூடிக்கொண்டிருந்தால் இத்தனை என்று தினமும் சேரும். போதுமான அளவு சேர்ந்தால் மேல் வகுப்புக்கு ஏற்றுவார்கள். மேல் வகுப்புக்குப் போனால் வேலை கொஞ்சம் இலகு, வீட்டாரைப் பார்க்கும் தவணை கொஞ்சம் கிட்ட வரும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்டனையில் கழிவு கிடைக்கும். மிஷன் பள்ளியில் நாலு வருஷம் படித்த எனக்கு ஒரு தடவையாவது நல்ல மார்க்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். அதனால் இவர் உள்ளே போய் மார்க்கு வாங்குகிறார் என்று கேட்டதும் முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அந்தச் சிரிப்பு இரண்டாம் வருஷத்தில் போயிற்று. இவருடைய தொப்பி மடிப்புக்குள் புகையிலை இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு நகத்தளவு புகையிலை. அதற்காக வகுப்பை இறக்கி, சேர்த்து வைத்த கழிவில் பெரும்பகுதியை வெட்டிவிட்டார்கள். அன்று நான் பார்க்கப் போயிருந்தேன். இரண்டு கம்பி வலைகளுக்கு நடுவே ஒரு சீக்கிய வார்டர் நடந்துகொண்டிருப்பார், இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவோம். தமிழும் சீனமும் மலாயும் கலந்து பாசார் இரைச்சலாக இருக்கும். அந்த இரைச்சலில் அவர் கத்திச் சொன்னதை நான் மூன்று தடவை கேட்டேன், நம்ப முடியாமல். ஒரு மனுஷன் வாழ்நாளில் இத்தனை மாதத்தை ஒரு நகத்தளவு புகையிலைக்கு எடுத்துக்கொள்ள முடியும் என்றால், இதைத் தீர்மானிக்கிறவர் யார், அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு ஒரே ஆத்திரமாக வந்தது. நேரே போய்க் கேட்டுவிடுவது என்று கிளம்பினேன்.

அப்படி ஓர் ஆளே கிடையாது என்பதுதான் எனக்குக் கிடைத்த அடுத்த அதிர்ச்சி. வார்டரைக் கேட்டால் பெரிய துரை என்றார். பெரிய துரையைப் பார்க்க முடியவில்லை, அவருடைய ஆபீசில் கேட்டால் மேலிடம் என்றார்கள். மாதாமாதம் வெளியிலிருந்து சில பெரிய மனிதர்கள் ஜெயிலைச் சுற்றிப் பார்க்க வருவார்களாம், தோட்டத் துரை ஒருவர், தவுக்கே என்கிற சீன முதலாளி ஒருவர். வரிசையாக நிற்கும் கைதிகளைக் குறை ஏதும் உண்டா என்று கேட்பார்களாம். வார்டர் பக்கத்தில் நிற்கும்போது எவன் குறை சொல்வான்? இல்லை என்று எல்லாரும் சொல்வார்களாம், குறை இல்லை என்று எழுதிக்கொண்டு அவர்களும் போவார்களாம். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் ஜெயில் கிராணி. யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர், ஆனால் ஈரமுள்ளவர். கடைசியில் அவர்தான், இனி ஒரே வழி மேலிடத்துக்குக் கருணை மனுப் போடுவதுதான் என்று சொல்லி அனுப்பினார்.

கோர்ட்டுக்கு எதிரே, ஐந்தடி என்று சொல்லும் கடை முன் நடைபாதையில் மேஜை போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். இங்கிலீஷில் பெட்டிஷன் எழுதுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர். அவரிடம் போனேன். கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டு, கைதிக்கு என்ன வயசு, என்ன குற்றம், என்ன வியாதி, சொந்த ஊர் எது என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். எனக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் வேறு நாதியில்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அதை அவர் எழுதிக்கொண்டாரா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. எழுதி முடித்து அவரே வாசித்துக் காட்டினார், இங்கிலீஷில். நான் தலையை ஆட்டினேன். அந்த நீட்டலும் ஏற்ற இறக்கமும் கேட்க நன்றாக இருந்தன.

அந்த வருஷம்தான் ரப்பர் விலை படுத்துப்போனது. தோட்டங்களில் வேலை இல்லை. ஆட்களைக் கப்பல் கப்பலாக ஏற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஸ்டேஷனில் மூட்டை முடிச்சுகளோடு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தினம் பார்ப்பேன். பாவம் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவேன். அவர்கள் கதைக்கும் என் கதைக்கும் சம்பந்தம் உண்டு என்று கனவிலும் நினைக்கவில்லை.

மறுநாள் ஜெயில் ஆபீசுக்குப் போனேன். அவர் போட்டுக்கொண்டு வர வேட்டியும் சட்டையும் எடுத்துப்போயிருந்தேன், அன்றே விட்டாலும் விடுவார்கள் என்று. உள்ளே ஒரு வெள்ளைக்கார அதிகாரி உட்கார்ந்திருந்தார். கிராணி பக்கத்தில் நின்றார். அதிகாரி ஏதோ சொல்ல, கிராணி தமிழில் சொன்னார்.

"உங்கட மனுசன்ர மிச்சத் தண்டனையை மன்னிச்சிருக்கினம். வாற வெள்ளிக்கிழமை கப்பல்."

எனக்கு விளங்கவில்லை. ஜெயிலிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு எதற்குக் கப்பல் என்று கேட்டேன்.

"நாகப்பட்டினத்துக் கப்பல் அம்மா. தாய்க்காரியிட்ட போய்ச் சேரவேணும், திரும்பி இஞ்ச வரக்கூடாது எண்டதுதான் நிபந்தனை. வந்தால் மிச்ச வருசத்தையும் உள்ளுக்க இருந்து கழிக்கவேணும்."

"எந்த அம்மா?" என்றேன்.

என் மாமியாரை நான் பார்த்ததே கிடையாது. எங்களுக்குக் கல்யாணமான அடுத்த வருஷம் அவர் ஊரில் இறந்துபோனார். கடிதம் வந்த அன்று இவர் ஆற்றங்கரையில் மொட்டையடித்துக்கொண்டு முழுகினார். கருமாதிக்கு நான்தான் சமைத்தேன். வாழைக்காய் கருகிவிட்டது என்று அண்ணி திட்டியதுகூட நினைவிருக்கிறது. அந்த அம்மாளிடம்தான் என் புருஷனை அனுப்பப் போகிறார்களாம்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்து, இந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கிராணியைக் கேட்டார் போலும். கிராணி ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு வார்த்தை சொன்னார். அதிகாரியின் முகம் மலர்ந்தது. எனக்கு ஒரு புன்னகையைத் தந்து, தலையை அசைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

"நீங்கள் நன்றி சொல்லுறியள் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார் கிராணி, குரலைத் தாழ்த்தி. பெட்டிஷனில் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் சொன்னார். கண் தெரியாத கிழவி, ஒரே மகன், குடிக்கத் தண்ணீர் மொண்டு கொடுக்க ஆளில்லை, சாவதற்குள் மகன் முகத்தை ஒரு தடவை தடவிப் பார்க்க வேண்டும். இப்படி ஒரு பக்கம். பெண்டாட்டி பிள்ளைகளுக்குக் கடைசியில் ஒரு வரி. மேலிடத்தில் படித்தவர்கள் மனம் இளகிவிட்டது. ஆட்களை அனுப்பிக்கொண்டிருக்கும் காலமும் அதற்குத் தோதாக வந்து வாய்த்தது. கிழவிதானே மகனைக் கேட்கிறாள், கொடுத்துவிடுவோம் என்று கொடுத்துவிட்டார்கள். என் மேல் அவர்களுக்கு ஒரு விரோதமும் கிடையாது. நினைத்து நினைத்து நான் திகைத்துப்போனது அதற்காகத்தான். இத்தனை பேர் இரக்கப்பட்டு எனக்கு இதைச் செய்திருக்கிறார்கள்.

அம்மா செத்து வருஷக்கணக்காகிறது, இப்போதே உள்ளே போய்ச் சொல்லுங்கள் என்றேன். கிராணி அசையவில்லை.

"சொன்னால் பொய் மனுவாகிப்போகும். குடுத்த மன்னிப்பைத் திருப்பி எடுப்பினம். அவருக்கு இன்னும் நாலு வருசம், பொய் மனுவுக்கு வேறயா என்ன வருமோ தெரியாது. நீங்கள் அவரைக் கண்டு கதைச்சுப்போட்டு முடிவு சொல்லுங்கோ. இப்ப நீங்கள் சொன்னது என்ர காதில விழேல்லை."

தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சியில் அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். விடுதலை ஆகப்போகிறவர் என்பதால் நடுவில் வலை இல்லை. வார்டர் கொஞ்சம் தள்ளி நின்றார். அந்தப் பெஞ்சிக்கு நடந்து போகும்போது ஒரே எண்ணம்தான். முடிவு என் கையில் இருக்கிறது, பாழாய்ப்போன இந்த முடிவை நான் எப்படி எடுப்பேன். உண்மையைச் சொன்னால் அவர் இங்கேயே இருப்பார், கம்பிக்குப் பின்னால், நாலு வருஷம் கழித்து வீட்டுக்கு வருவார். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமையே விடுதலை, ஆனால் வீட்டுக்கு இல்லை. கூடவே கப்பலேற எனக்கும் பிள்ளைகளுக்கும் கையில் காசு கிடையாது, போய் இறங்கினால் தங்க இடமும் கிடையாது. அவர் மனசு உடைந்துபோவார், நான்தான் தேற்ற வேண்டும் என்று வார்த்தைகளைக்கூடத் தயார் செய்துகொண்டேன்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். அப்புறம் என் காதருகே குனிந்தார்.

"அம்மா செத்தது தொரைமாருக்குத் தெரியாதுதானே. வாயத் தெறக்காத."

திரும்பி வரவே முடியாது என்று சொன்னார்களே, அது காதில் விழுந்ததா என்று கேட்டேன். விழுந்தது என்றார். பிள்ளைகள் என்றேன்.

"நான் போயி எடம் பாத்துட்டு எழுதுறேன். இன்னும் நாலு வருஷம் இதுக்குள்ள கெடந்தா நீ பொணத்தத்தான் வாங்கிட்டுப் போவ."

அவர் கைகளைப் பார்த்தேன். கல் உடைத்து உடைத்து விரல்கள் ஒன்றோடொன்று சேராமல் விரிந்து நின்றன. ஒரு நகம் முழுசாக இல்லை. அவர் சொன்னது பொய் இல்லை. அந்த இடத்தில் நான் இருந்தால் நானும் அதையே சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நீ என்ன சொல்கிறாய் என்று ஒரு பேச்சுக்குக்கூட என்னைக் கேட்கவில்லை. மூன்று வருஷமாக மாதம் தவறாமல் அந்த வலைக்கு முன்னால் நின்று கத்தியவள் நான். கிராணியிடம் போய், சொல்ல ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வரும் வழியில் என் ஆத்திரத்தை எங்கேயாவது கொட்ட வேண்டியிருந்தது. நேரே ஐந்தடி மேஜைக்குப் போனேன். செத்தவளை உயிரோடு இருப்பதாக எழுத உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன். பெட்டிஷன்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. மனுப் பலித்ததா இல்லையா என்று முதலில் கேட்டார். பலித்தது என்றேன். அப்புறம் என்ன என்பது போலப் பார்த்தார்.

"ஆத்தா இல்லாத பெட்டிஷன் எங்கம்மா பாஸாவுது? பொண்டாட்டின்னு எழுதுனா எந்தத் தொரையும் படிக்க மாட்டான் லா. இத்தனை வருஷமா ஒரே ஆத்தாவத்தான் எல்லாத்துக்கும் எழுதுறேன்."

அவர் சொன்னது கேலியில்லை. நிஜமாகவே எல்லா மனுவிலும் அந்தக் கண் தெரியாத கிழவிதான் இருந்தாள், கைதியின் பெயரும் ஊரும்தான் மாறும். வேறு வருஷங்களில் அந்தக் கிழவி யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. மேலிடத்தில் இரக்கப்படுவார்கள், ஆள் வீட்டுக்கு வருவான், கிழவியைப் பற்றி யாரும் மறுபடி விசாரிக்க மாட்டார்கள். இந்த வருஷம் விசாரிக்காமலே அவளிடம் அனுப்பிவிடுகிறார்கள். அவருக்கும் அது அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நிபந்தனை என்னவென்று இரண்டாம் தடவை கேட்டார். நான் வீட்டைப் பார்க்க நடந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நானும் துறைமுகத்துக்கு ரயிலேறினேன். அவரும் அதே வண்டியில்தான் இருந்தார், வார்டரோடு, முன் பெட்டியில். வழியில் கிள்ளான் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது பிளாட்பாரத்தில் இறங்கிப் போனேன். வார்டர் நல்ல மனுஷன், அவருக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்திருந்தார். ஜன்னலுக்குள் கையில் விலங்கோடு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். சின்னவளைத் தூக்கிக் காட்டினேன். அவள் அவரைப் பார்த்ததே இல்லை, குழந்தைகளை ஜெயிலுக்கு நான் கூட்டிப்போனதில்லை. அவர் கோப்பையை வைத்துவிட்டு அவள் கன்னத்தைத் தொட்டார். அவள் அந்த விரல்களைப் பார்த்துப் பயந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் கண் கலங்கியது. எனக்கும்தான். வண்டி கிளம்ப மணி அடித்துவிட்டார்கள்.

கப்பல் தூரத்தில் நின்றது. ஆட்களைத் தொங்கான் என்கிற சரக்குப் படகில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். தோட்டத்து ஆட்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள், அழுகையும் கூச்சலுமாக. தொங்கானில் ஏறுவதற்கு முன் வார்டர் விலங்கைக் கழற்றினார். அவர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். இப்போது நம்மைப் பார்ப்பார் என்று பெரியவளிடம் சொன்னேன். அவள் அப்பா அப்பா என்று கத்தினாள். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூச்சை இழுத்து விட்டார். பிறகுதான் எங்களைத் தேடித் திரும்பினார். திரும்பிய முகத்தில் சிரிப்பு இருந்தது. கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, எழுத மாட்டார் என்று. ஆனாலும் காத்திருந்தேன். நாகப்பட்டினத்தில் இறங்கிவிட்டதாக ஒரு கார்டு வந்தது. சுகம் என்றும், இடம் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் இரண்டு வரி. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. அந்தக் கார்டில் விலாசம் இல்லை. ஊருக்குப் போய் வந்தவர்களிடமெல்லாம் அண்ணன் விசாரித்தான். அவருடைய கிராமத்துப் பக்கமே அவர் வரவில்லை என்றார்கள். அம்மா இல்லாத ஊருக்கு எதற்குப் போவார்?

ஜெயில் கிராணியை ஒருநாள் கடைத்தெருவில் கண்டேன். ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போகத் தயாராக இருந்தார். மனுசன் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். தெரியாது என்றேன்.

பெண்கள் இருவரையும் நான்தான் கட்டிக்கொடுத்தேன். இரண்டு கல்யாணத்திலும் மணவறையில் நான் நிற்கலாமா கூடாதா என்று பெரியவர்கள் தனியே கூடிப் பேசினார்கள். புருஷன் இருக்கிறான் என்றால் நிற்கலாம், செத்துவிட்டான் என்றால் ஒதுங்க வேண்டும். என்னையே கேட்டார்கள். இருக்கிறார் என்று இரண்டு தடவையும் சொன்னேன், நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் இருக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. இப்போது எனக்கும் கண் மங்கிவிட்டது. நான் செத்தால் பூவோடு எடுப்பதா, பூவில்லாமல் எடுப்பதா என்று என் பெண்கள் என்னிடம் கேட்டு வைத்துக்கொள்ள நினைக்கிறார்கள், கேட்கத் தயங்குகிறார்கள். என்ன சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை.